இந்தோனேசியக் கிராமத்தில் குடியும் முதலீடும்: க்ளாத்தென், தபானான், காரோ ஓர் ஒப்பீடு

ஜகார்த்தா, புர்வகர்த்தா, சுரபாயா, மேடான் போன்ற ஊர்களில் நெசவாலையிலோ கணினித் துறையிலோ வணிகத்திலோ நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஓய்வை நெருங்கும் நம்மவர்கள், குறிப்பாக இந்தோனேசியரை மணந்து அங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள், அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கையிலுள்ள சேமிப்பைக் கொண்டு ஓர் உழவர் கிராமத்தில் வயல் வாங்கிக் குடியேறலாமா, அப்படியானால் எந்த ஊரில், எந்த ஏற்பாட்டில் என்பதே அது. குடியேறுவதும் பணம் போடுவதும் ஒரே முடிவு என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலோர் இதைக் கேட்கிறார்கள். அவை இரண்டு முடிவுகள் என்பதும், குடியிருப்பு முந்தியும் முதலீடு பிந்தியும் வரவேண்டும் என்பதும், பணத்தை மண்ணின் உரிமையில் முடக்குவதைவிடப் போகத்துக்குப் போகம் திரும்பி வரும் வகையில் போடுவதே அந்த நாட்டில் அறிவுடைமை என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களைச் சட்டத்திலிருந்து தொடங்கி, மூன்று ஊர்களை வைத்து விளக்குகிறேன். அந்த ஊர்கள் நடு ஜாவாவின் க்ளாத்தென், பாலியின் தபானான், வட சுமத்ராவின் காரோ மலைநாடு.

நிலச் சட்டம் எதை விடுகிறது, எதை விடவில்லை

இந்தோனேசியாவின் நிலச் சட்டத்துக்கு அடிப்படை 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். நம் ஊர்ப் பட்டா நிலத்துக்கு நிகரான முழு உரிமையை அங்கே ஹாக் மிலிக் என்பார்கள். அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டவருக்கு ஹாக் பாக்காய் எனப்படும் பயன்பாட்டு உரிமை உண்டு. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசாணைப்படி அதற்கு முதலில் 30 ஆண்டும், நீட்டிப்பாக 20 ஆண்டும், புதுப்பித்தலாக இன்னொரு 30 ஆண்டும் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநில வாரியாகக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்திருக்கிறார்கள். அது ஜாவாவிலும் பாலியிலும் ஓர் எளிய கிராமத்து வீட்டின் விலையைப் போலப் பல மடங்கு. ஆகவே ஹாக் பாக்காய் என்பது நகரத்து அடுக்குமாடிக்கும் பெரிய மாளிகைக்கும் பொருந்துமே தவிர, வயலோரத்து ஓட்டு வீட்டுக்குப் பொருந்தாது.

வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து, அதன் பெயரில் கட்டட உரிமையோ சாகுபடி உரிமையோ பெறும் வழியும் இருக்கிறது. நிலத்தையும் கட்டடத்தையும் சேர்க்காமல் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். இன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ ஐந்து கோடி இந்திய ரூபாய். சாகுபடி உரிமைக்கு நிலமும் குறைந்தது 5 ஹெக்டேர் வேண்டும். ஜாவாவில் 5 ஹெக்டேர் தொடர்ச்சியாகச் சேர்ப்பதென்றால் இருபது முப்பது குடும்பங்களின் வயல்களை ஒன்றாக்க வேண்டியிருக்கும். தோட்டத் தொழிலை முழுநேரமாக நடத்தப் போகிறவருக்கு உரிய வழி அது. கிராமத்தில் அமைதியாக வாழ விரும்பும் குடும்பத்துக்கு உரியதன்று என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

எஞ்சுவது பினாமி. நண்பர், ஓட்டுநர், மனைவியின் தம்பி என்று யாராவது ஓர் இந்தோனேசியரின் பெயரில் வயலை வாங்கிக்கொண்டு, தனியாக ஒரு கடன் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைச் சொல்லாத தரகர் இல்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இதை ஐயத்துக்கு இடமின்றி மறுக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ ஹாக் மிலிக் நிலம் வெளிநாட்டவர் கைக்குப் போகும்படி செய்யப்படும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நிறுவனப் பங்குகளில் பினாமி ஒப்பந்தம் செய்வதை 2007ஆம் ஆண்டு முதலீட்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் இதேபோல் செல்லாததாக்கியிருக்கிறது. பலர் இப்படித்தான் செய்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். பெயர் கொடுத்தவர் உயிரோடும் நட்போடும் இருக்கும் வரை ஒன்றும் ஆகாதுதான். அவர் இறந்து பிள்ளைகள் பங்கு கேட்கும் நாளில், உங்கள் பக்கம் நிற்க எந்த நீதிமன்றத்துக்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மூன்று ஊர்களில் எதைத் தேர்ந்தாலும் பினாமியை முதலிலேயே தள்ளிவிட வேண்டும் என்று நான் அழுத்தமாகச் சொல்வது இதனால்தான்.

மனைவியோ கணவரோ இந்தோனேசியக் குடிமகனாக இருந்தால் நிலைமை மாறுகிறது. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. திருமணத்துக்குப் பின் ஈட்டும் சொத்து இருவருக்கும் பொது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே சொத்தைப் பிரித்து வைக்கும் திருமண ஒப்பந்தம் இல்லையென்றால், மனைவி வாங்கும் வயலில் வெளிநாட்டுக் கணவனுக்கும் பாதி சேர்ந்துவிடும் என்பதால் பத்திரம் எழுதும் அலுவலர் கிரயத்தைப் பதிய மறுப்பார். முன்பு இந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றம் 2016 அக்டோபரில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணமான பின்பும் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். கிராமத்தைத் தேடிப் புறப்படும் முன் செய்து முடிக்க வேண்டிய முதல் வேலை இது.

அடுத்து வரும் விதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. வேளாண் நிலத்தின் உரிமையாளர் அந்த நிலம் இருக்கும் வட்டத்திலேயே, அதாவது கெச்சாமத்தானிலேயே குடியிருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் 224ஆம் எண் அரசாணை சொல்கிறது. பக்கத்து வட்டத்தில், போய்வரக்கூடிய தொலைவில் இருந்தால் விலக்கு உண்டு. ஜகார்த்தாவில் இருந்துகொண்டு க்ளாத்தெனில் வயல் வாங்குவது இந்தோனேசியருக்கே சட்டப்படி இயலாது. நிலச் சீர்திருத்தத்தின் பகுதியாக, உழாத நகரத்து முதலாளியிடமிருந்து வயலைக் காப்பதற்காக இந்த விதியைக் கொண்டுவந்தார்கள். நடைமுறையில் அடையாள அட்டையின் முகவரியை மாற்றிக்கொண்டு தப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், இந்த விதியின் நோக்கம் நல்லது என்றே நான் கருதுகிறேன். அங்கே வாழ்கிறவருக்குத்தான் வயல் என்பதை ஏற்றுக்கொண்டு முடிவெடுத்தால், பின்னால் வரும் பல தவறுகள் தாமாகவே விலகிவிடும்.

வயல் என்ன தரும்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தோனேசியாவில் அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் உழவர் குடும்பங்கள் ஏறத்தாழ 1 கோடியே 69 லட்சம். பத்தாண்டுகளுக்கு முன் இது 1 கோடியே 42 லட்சமாக இருந்தது. ஆகவே சந்தையில் விலைக்கு வருவது பெரும்பாலும் கால் ஹெக்டேர், அதற்கும் குறைவான துண்டுகள்தான். கால் ஹெக்டேரில் ஒரு போகத்துக்கு ஈர நெல் ஒன்றரை டன் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரி முதல் அரசின் கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. மொத்தம் 97.5 லட்சம் ரூபியா. நீங்கள் உழாமல், விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரத்துக்கு விட்டால், ஜாவாவில் பரவலாக உள்ள மாரோ முறையில் பாதிக்குப் பாதி. அதாவது உங்கள் பங்கு 49 லட்சம் ரூபியாவுக்கும் குறைவு. இரண்டு போகம் விளைந்தாலும், உரம், விதை, தண்ணீர்க் கட்டணத்தில் உங்கள் பங்கைக் கழித்தால் ஆண்டுக்கு ஒரு கோடி ரூபியாவைத் தொடாது. நம் பணத்தில் அது ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

அந்த வயலைச் சதுர மீட்டர் 3 லட்சம் ரூபியா என்ற விலைக்கு வாங்கியிருந்தால் போட்ட முதல் 75 கோடி ரூபியா. வருமானம் ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. மனைவியின் பெயரில் வாங்கக்கூடிய அரசின் சில்லறைக் கடன் பத்திரங்கள் அண்மை ஆண்டுகளில் ஆறு சதவீதத்தை ஒட்டிய வட்டி தந்திருக்கின்றன. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறேன் என்று சொன்னால், அந்த நம்பிக்கைக்கும் ஒரு தடை இருக்கிறது. நிலையான உணவு வேளாண் நிலம் என்று அறிவிக்கப்பட்ட வயலை வீடாகவோ விடுதியாகவோ மாற்றுவதை 2009ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டம் தடுக்கிறது. 2021இல் எட்டு மாநிலங்களுக்கு வெளியிட்ட பாதுகாக்கப்பட்ட வயல்களின் வரைபடத்தில் ஜாவாவின் வேளாண் மாநிலங்களும் பாலியும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த வரைபடத்துக்குள் விழும் வயல் வயலாகவே இருக்கும், அதன் விலையும் வயலின் விலையாகவே இருக்கும்.

இதற்கு மாறாக ஆண்டுக் குத்தகை எடுக்கலாம், ஒத்திக்கு வாங்கலாம், கால்நடையில் போடலாம், அல்லது ஓர் உழவரின் சாகுபடிச் செலவில் பங்கு சேரலாம். சட்டப்படி இவற்றில் முதல் இரண்டும் வாரமும் நிலச் சட்டத்தின் 53ஆம் பிரிவு தற்காலிகமானவை என்று வகுத்த உரிமைகள். வெளிநாட்டவர் தம் பெயரில் எழுதிக்கொள்ளக் கூடியவை அல்ல என்று எடுத்துக்கொண்டு, இந்தோனேசியத் துணையின் பெயரில் நடத்துவதே பாதுகாப்பு. திருமண அடிப்படையில் தங்கும் அனுமதி பெற்றவர் குடும்பத்தின் பிழைப்புக்காக உழைக்கவும் தொழில் செய்யவும் 2011ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் 61ஆம் பிரிவு இடம் தருகிறது. ஓய்வூதியர் அனுமதியில் வந்தவருக்கு அந்த இடம் இல்லை. அவர் வயலில் இறங்கி நாற்று நட்டாலும் வேலை செய்ததாகக் குற்றம் சாட்ட முடியும்.

ஒத்தியைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். பணம் உள்ள புதியவர் ஊரில் குடியேறினார் என்று தெரிந்ததும், பிள்ளையின் படிப்புக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ வயலை ஒத்திக்கு வைக்க யாராவது வருவார்கள். நம் ஊர் வழக்கப்படி, பணத்தைத் திருப்பும் வரை வயல் நம் கையில் என்று நினைப்போம். 1960ஆம் ஆண்டின் நிலப் பரப்பு வரம்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஏழு ஆண்டு அனுபவித்துவிட்டால், எந்தத் தொகையும் பெறாமல், நின்ற பயிரை அறுத்தபின் ஒரு மாதத்துக்குள் வயலை உரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அத்தனை ஆண்டு விளைச்சலிலேயே கடன் தீர்ந்தது என்பது சட்டத்தின் நியாயம். அதில் எனக்கு முழு உடன்பாடு. இதை அறியாமல் ஒத்தி வாங்கினால் பணமும் போகும், ஊரில் பெயரும் போகும்.

குத்தகையில் பணம் முன்கூட்டியே முழுவதுமாகக் கைமாறும். ஊர்த் தலைவர் முன்னிலையில் எழுத வேண்டும் என்று வாரத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டப்படி வயலுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, புன்செய்க்கு ஐந்து ஆண்டு. ஆனால் பெரும்பாலும் எல்லாம் வாய்வார்த்தையாகவே நடக்கிறது. கொஞ்சம் கவனமானவர்கள் குவித்தான்சி எனப்படும் ரசீதில் பத்தாயிரம் ரூபியா முத்திரை வில்லையை ஒட்டி, கையெழுத்தின் ஒரு பாதி வில்லையிலும் மறுபாதி தாளிலும் விழும்படி போட்டு வாங்கிக்கொள்வார்கள். நிலத்தின் கிழக்கு மேற்கு எல்லைகளையும், எந்தப் போகத்தின் அறுப்போடு குத்தகை முடிகிறது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். ஆண்டு என்று மட்டும் எழுதினால், கடைசி நாற்று யாருடையது என்பதில் சண்டை வரும்.

கால்நடையில் போடுவது எளிய ஏற்பாடு. கன்றை நீங்கள் வாங்கிக் கொடுக்க, அண்டை வீட்டார் வளர்க்க, விற்கும்போது கிடைக்கும் கூடுதலைப் பிரித்துக்கொள்வது ஜாவாவில் பழைய வழக்கம். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி விலை நன்றாக இருக்கும். ஆனால் 2022இல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கோமாரி நோய் திரும்பி வந்தபோது கிழக்கு ஜாவாவிலிருந்து அது எவ்வளவு விரைவாகப் பரவியது என்பதை மறக்கக்கூடாது. ஒரே வீட்டில் ஐந்து மாடு நிறுத்துவதைவிட ஐந்து வீட்டில் ஒவ்வொன்று நிறுத்துவது நல்லது. அதனால் ஐந்து குடும்பங்களோடு உறவும் வந்துசேரும்.

மூன்று ஊர்கள்

க்ளாத்தென் மாவட்டம் யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் நடுவில், மெராப்பி எரிமலையின் தென்கிழக்குச் சரிவிலிருந்து சமவெளி வரை இறங்கிக் கிடக்கிறது. மலையில் ஊறிய தண்ணீர் கீழே ஊற்றுகளாகப் பொங்குகிறது. சோக்ரோ, பொங்கோக் ஊற்றுகளைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டு முழுவதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். தெலாங்குப் பகுதியின் ரோஜோலெலே அரிசிக்கு நாடு முழுக்கப் பெயர். பழைய ரோஜோலெலே ஐந்து மாதப் பயிர், உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். அணுசக்தி முகமையுடன் சேர்ந்து கதிர்வீச்சு முறையில் மாவட்ட நிர்வாகம் குட்டையான, குறுகிய காலப் பயிராக ஸ்ரீனுக் என்ற வகையை உருவாக்கியது. பொங்கோக் ஊரின் கிராம நிறுவனம் தன் ஊற்றுக் குளத்தைச் சுற்றுலா இடமாக்கிச் சம்பாதிப்பதைப் பார்த்துப் பல ஊர்கள் அதைப் பின்பற்ற முயன்றன.

தண்ணீரின் வளமே இங்கே ஒரு தொல்லையும் தருகிறது. இடைவிடாமல் நெல்லுக்குப் பின் நெல் நடுவதால் புகையான் பூச்சிக்கு எப்போதும் உணவு இருந்துகொண்டே இருக்கிறது. க்ளாத்தென் உழவர்கள் புகையானால் போகம் போகமாக இழந்த காலம் உண்டு. குத்தகைக்கு வயல் தேடும்போது, சுற்றியுள்ளவர்கள் ஒரே நேரத்தில் நடுகிறார்களா, நடுவில் பயறோ சோயாவோ போட்டு நிலத்தை ஆறவிடுகிறார்களா என்று கேட்டறிவது விலையைக் கேட்பதைவிட முக்கியம். தனித்து முன்னாலோ பின்னாலோ நட்ட வயலுக்கு எலியும் பறவையும் பூச்சியும் ஒருசேர வந்துவிடும்.

அறுவடையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் வியாபாரியை இங்கே பெனெபாஸ் என்பார்கள். கதிர் பழுக்கும் நேரத்தில் அவர் வரப்பில் மெதுவாக நடந்து வருவார். நடுவயலில் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்ப்பார், ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார், மூலைகளில் சாய்ந்து கிடக்கும் பயிரைக் கண்ணால் அளப்பார், பிறகு மொத்த வயலுக்கும் ஒரு தொகை சொல்வார். எடை போடுவது, மூட்டை எண்ணுவது எல்லாம் பிறகு அவர் பாடு. பணம் உடனே கையில் வரும் என்பதால் உழவர்களுக்கு இது பிடித்திருக்கிறது. பக்கத்து வயலுக்கு அவர் என்ன சொன்னார் என்பதும், சென்ற போகம் அதே வயலில் எவ்வளவு விளைந்தது என்பதும் ஊரில் இருப்பவருக்குத் தெரியும். ஜகார்த்தாவிலிருந்து தொலைபேசியில் கேட்பவருக்குத் தெரியாது. அங்கே குடியிருப்பது வருமானத்தை நேரடியாகக் கூட்டும் இடங்களில் இது ஒன்று.

குடியிருக்கவும் க்ளாத்தென் எளிது. வீட்டை ஆண்டு வாடகைக்குப் பிடித்ததும், 24 மணி நேரத்துக்குள் அக்கம்பக்கக் குழுவின் தலைவரான பாக் ஆர்.டி.யிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு மாதச் சீட்டு, இரவுக் காவல் முறை, ஞாயிறன்று வாய்க்கால் தூர்வாரும் பொதுவேலை, இறப்பு வீட்டில் நாற்காலி போடுவது, கல்யாண வீட்டில் மொய் எழுதுவது என்று ஒவ்வொன்றாக வரும். மொய் நோட்டை நம் மதுரைப் பக்கம் போலவே பத்திரமாக வைத்திருந்து திருப்பிச் செய்வார்கள். முன்பின் தெரியாதவர் நோட்டுக் கட்டை நீட்டினால் தயங்குவார்கள். மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினால் சேர்த்துக்கொள்வார்கள். ஊர்த் தலைவரின் பதவிக்காலம் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறிலிருந்து எட்டு ஆண்டாகியிருப்பதால், அவரோடு கசப்பு வந்தால் அது நீண்ட கசப்பாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். க்ளாத்தென் நகரிலேயே பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது, யோக்யகர்த்தாவும் அருகில். சோலோ பக்கமிருந்து க்ளாத்தென் வரையிலான சுங்கச்சாலை 2024இல் திறந்த பிறகு போக்குவரத்து எளிதாகியிருக்கிறது. அதே சாலைக்காக நல்ல வயல்கள் போனதையும் சொல்ல வேண்டும். 2006 மே 27 நிலநடுக்கத்தில் இந்த மாவட்டம் பெரும் இழப்பைக் கண்டது, 2010இல் மெராப்பி சீறியது. ஆகவே மேல்சரிவு ஊர்களைத் தவிர்த்துச் சமவெளியில், கம்பி போட்டுக் கட்டிய தூண்கள் உள்ள வீட்டைத் தேர்வது நல்லது.

தபானான் பாலியின் நெற்களஞ்சியம். சுபாக் எனப்படும் நீர்ப் பங்கீட்டு அமைப்பு அங்கே கோயில்களோடு பிணைந்து பல நூற்றாண்டாக நடந்துவருகிறது. ஜாத்திலுவே படிக்கட்டு வயல்கள் உட்பட அந்த அமைப்பை யுனெஸ்கோ 2012இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. எந்த மதகு எப்போது திறக்கும், எப்போது எல்லோரும் நட வேண்டும் என்பதைச் சுபாக் உறுப்பினர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். உலகில் காணக்கிடைக்காத ஓர் ஏற்பாடு அது. அதன் மீது எனக்குள்ள மதிப்பே, அங்கே பணம் போடாதீர்கள் என்று சொல்ல வைக்கிறது.

சாங்கு கடற்கரைப் பக்கமிருந்து தங்கும் விடுதிகளின் அலை தபானான் கடற்கரை வரை நகர்ந்து வந்திருக்கிறது. வெளிநாட்டவருக்கு 25 அல்லது 30 ஆண்டு நீண்ட குத்தகையை முழுப் பணத்தையும் முன்னால் வாங்கிக்கொண்டு எழுதுவது அங்கே வழக்கம். நிலம் கைமாறினாலும் குத்தகை அறுபடாது என்று குடிமைச் சட்டத்தின் 1576ஆம் பிரிவு காக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நீட்டிப்பின் விலையைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அன்றைய சந்தைக்கு விட்டுவிடுகின்றன. முப்பதாம் ஆண்டில் நீங்கள் எழுபது வயதைக் கடந்தவராக, எந்த விலையையும் மறுக்க முடியாதவராக இருப்பீர்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. மேல்வாய்க்காலில் ஒரு வயல் விடுதியானால் கீழே உள்ள பத்து வயல்களின் தண்ணீர்ப் பாதை சிதைகிறது. அந்தச் சிதைவுக்கு நம் சேமிப்பும் காரணமாக வேண்டுமா என்று ஒருவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்து என்ற முறையில் பாலியில் எளிதாகக் கலந்துவிடலாம் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. கோயிலில் கும்பிட யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பஞ்சார் எனும் ஊர்க் குழுவிலும் ஆடாட் எனும் மரபு வழக்கப்படி நடக்கும் ஊரமைப்பிலும் உறுப்பினராவது பிறப்பாலும் திருமணத்தாலும் அமைவது. உறுப்பினருக்குரிய கடமைகள், திருவிழாக்களுக்கான உடலுழைப்பு, தகன நிகழ்வுகளுக்கான நாட்கள் எல்லாம் மிக அதிகம். பாலிப் பெண்ணையோ ஆணையோ மணந்து அந்தக் கடமைகளை மனமார ஏற்பவருக்குத் தபானான் சிறந்த ஊர். மற்றவர்களுக்கு அது வாடகை வீட்டில் சில ஆண்டு வாழ்ந்து பார்க்க வேண்டிய இடம் மட்டுமே.

காரோ மலைநாட்டில் நமக்கு உண்மையான ஒரு பிணைப்பு இருக்கிறது. டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் மேடானில் வாழ்கிறார்கள், அங்குள்ள மாரியம்மன் கோயில் 1884இல் கட்டியது. மேடானிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரத்தில் பெராஸ்தகி. காரோ மக்களின் ஐந்து குலங்களில் ஒன்றான செம்பிரிங்கில் சோலியா, பாண்டியா என்ற உட்பிரிவுகளும் உண்டு. இந்த உறவெல்லாம் பேச்சைத் தொடங்க உதவும், நிலச் சட்டத்தில் எந்தச் சலுகையும் தராது.

உருளை, முட்டைக்கோசு, கேரட், தக்காளி, மிளகாய், ஆரஞ்சு, அராபிகா காப்பி என்று விளைச்சல் பலவகை. நெல்லுக்கு இருப்பது போல அரசு விலை இவற்றுக்குக் கிடையாது. நல்ல விலை கிடைத்தால் ஒரே போகத்தில் நெல் வயலின் பல ஆண்டு வருமானம் வந்துவிடும். சரிந்தால் பறிகூலிக்குக்கூடத் தேறாது. பழ ஈயால் ஆரஞ்சுத் தோட்டங்களைக் கைவிட்டவர்கள் உண்டு. 2010இல் சினாபுங் எரிமலை நெடுங்கால உறக்கம் கலைந்து, 2013 முதல் பல ஆண்டு சாம்பலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. சில ஊர்களை முழுவதுமாக சியோசார் என்ற இடத்துக்கு இடம்பெயர்த்தார்கள். மேடான் சாலை மண்சரிவில் அடைபட்டால் காய்கறி லாரியிலேயே அழுகும். குலத்தின், குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலமும் உண்மையில் கைமாறாது என்பதால், எழுதிக் கொடுத்தவர் ஒருவர், எதிர்த்து நிற்பவர் நால்வர் என்ற நிலை வரலாம். குளிர்ந்த காற்றையும் மேடானில் தமிழ்க் குரலையும் விரும்பி, சாகுபடியில் கைதேர்ந்த காரோக் குடும்பம் ஒன்றோடு செலவைப் பங்கிட்டுக்கொள்ளத் துணிந்தவருக்கு இது தகும். முழுச் சேமிப்பையும் வைத்து ஆட வேண்டிய களமன்று.

என் தேர்வு

இந்தோனேசியத் துணை உள்ள குடும்பத்துக்கு, துணையின் சொந்த ஊர் வேறாக இல்லாவிட்டால், க்ளாத்தென் போன்ற ஜாவாச் சமவெளி ஊரையே நான் பரிந்துரைப்பேன். சொந்த ஊர் ஒன்று இருந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். உறவினரின் எதிர்பார்ப்புகள் அங்கே சுமையாக வரலாம். ஆனால் வயலின் வரலாறும் வாய்க்கால் வழக்கும் தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். முதல் இரண்டு ஆண்டு வாடகை வீடு, ஒரு வயல் குத்தகை, ஓரிரு மாடு. சேமிப்பின் பெரும்பகுதி துணையின் பெயரில் அரசுக் கடன் பத்திரத்திலும், காப்புறுதி வரம்பான 200 கோடி ரூபியாவுக்குள் வங்கி வைப்பிலும் இருக்கட்டும். திருமணம் முடிந்து இரண்டு ஆண்டு ஆனவர்கள் நிரந்தரத் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பித்துவிடலாம். துணை இல்லாத, ஓய்வூதியர் அனுமதியில் வருபவர் வாடகை வீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவருக்கு எந்த ஊரிலும் வயல் இல்லை என்பதே உண்மை.

அதற்குப் பிறகும் வீட்டுமனையோ வயலோ வாங்கத்தான் வேண்டும் என்றால், ஆவணத்தை விடாமல் பார்க்க வேண்டும். கிரிக், லெட்டர் சி போன்ற பழைய ஊர் ஆவணங்கள் வரி கட்டியதற்கான அடையாளமே, உரிமைப் பத்திரம் ஆகா. 2021ஆம் ஆண்டு அரசாணை அவற்றைப் பதிந்துகொள்ள ஐந்தாண்டுக் கெடு வைத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரியோடு முடிந்தது. நில அலுவலகம் வழங்கிய சான்றிதழ் இருக்க வேண்டும், அதை அதே அலுவலகத்தில் கொடுத்து வில்லங்கம் சரிபார்க்க வேண்டும். விற்பவரின் உடன்பிறந்தோர் அனைவரின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும். ஊர் அலுவலருக்குச் சம்பளத்துக்கு ஈடாக விட்ட பெங்கோக் நிலத்தைச் சொந்த நிலம் போல யாராவது பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

வாங்கும்போதே விடுபடும் வழியையும் எழுதி வைக்க வேண்டும். குத்தகை அறுப்போடு முடியும், மாடு விற்றுப் போகும், கடன் பத்திரம் முதிரும். ஹாக் மிலிக் நிலம் அப்படியன்று. மனைவி இறந்து அதில் ஒரு பங்கு இந்தியக் குடிமகனான கணவருக்கு வந்தால், ஓராண்டுக்குள் அதை ஓர் இந்தோனேசியருக்கு மாற்றிவிட வேண்டும். தவறினால் அரசுக்குப் போகும். பிள்ளைகளின் பெயருக்குப் போகட்டும் என்றால், 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி கலப்புத் திருமணத்துப் பிள்ளைகள் 18 வயதானதும் எந்த நாடு என்று தேர்ந்து, 21 வயதுக்குள் அதை அறிவிக்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமையைத் தேர்ந்தால் அவர் பங்குக்கும் அதே ஓராண்டுக் கெடுதான். ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், அவர்கள் அந்தத் தேர்வைச் செய்து முடிக்கும் வரை வயல் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, குத்தகையையே ஆண்டுதோறும் புதுப்பித்து வருவது நல்லது.